அடுத்த லிங்க்கை சர்வரே சொல்லட்டும்

கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிறவர்கள், எட்டயபுரத்தை ஒட்டி ஒரு கோட்டைத் தாண்டுகிறார்கள். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. ரோட்டில் அதற்குக் கல்லும் கிடையாது, போர்டும் கிடையாது. ஆனால் பூமியை ஆறாறு டிகிரியாக நறுக்கி வரைபடம் போடும் யூடிஎம் முறையில் அந்தக் கோட்டுக்கு மேற்கே 43-ஆவது மண்டலம், கிழக்கே 44-ஆவது. கோவில்பட்டி 43-ல் விழுகிறது, எங்கள் புதூர் 44-ல். ஒரே கரிசல், ஒரே உளுந்து, பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே மேகம். கணக்கில் மட்டும் இரண்டு ஊரும் வேறு வேறு.

கோடு இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். புதூர் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகள் வாராவாரம் எவ்வளவு பச்சை கட்டுகின்றன என்று செயற்கைக்கோள் படத்தில் இருந்து கணக்கிடும் சின்ன புரோகிராம் ஒன்று என்னிடம் ஓடுகிறது. படங்கள் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களுடையவை, இலவசம். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்து போகின்றன. சிவப்பு, அகச்சிவப்பு அலைவரிசைகளில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்துக்குப் பத்து மீட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளி. வரப்போரப் புள்ளிகளில் பக்கத்துக் காடும் கலந்துவிடும் என்பதால், அரை ஏக்கர் ஒரு ஏக்கர் சம்சாரிகளுக்கு இது ஓரளவுக்குத்தான் உதவும். ஐந்து ஏக்கர் என்றால் நன்றாகவே தெரியும்.

இந்தப் படங்களைச் சுமார் 110 கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டி, அமேசான் கிளவுடில் வைத்திருக்கிறார்கள். ஃபோல்டர் வரிசை பார்க்கவே அழகாக இருக்கும்: மண்டல எண், ஓர் எழுத்து, சதுரத்தின் இரண்டெழுத்து, வருடம், மாதம், கடைசியில் படத்தின் பெயர். பெயருக்குள் எந்தக் கோள் எடுத்தது, எந்தத் தேதி என்பதெல்லாம் இருக்கும். இதைப் பார்த்தவுடன் புரோகிராம் எழுதுகிற எவருக்கும் கை துறுதுறுக்கும். நாமே யூஆர்எல்லை ஒட்டிவிடலாமே! நாலு துண்டைச் சேர்த்தால் முகவரி தயார். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓடவும் செய்யும், கொஞ்ச காலத்துக்கு. 43 என்று எழுதி கோவில்பட்டியில் சோதித்துப் பார்த்தவர், புதூருக்கு வரும்போது 44-ஐயும் சேர்க்க வேண்டும். கோட்டை ஒட்டிய ஊர்கள் இரண்டு மண்டலச் சதுரத்திலும் வரும் என்பதால் ஒரே நாளை இரண்டு தடவை எண்ணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்2ஏ, எஸ்2பி என்ற இரண்டு கோள்களின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுகிற புரோகிராமுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. 2024 செப்டம்பரில் எஸ்2சி மேலே போனது. 2025 தொடக்கத்தில் அது வேலையில் இறங்கி எஸ்2ஏ-வின் இடத்தைப் பிடித்தது. பழைய பெயர்களை மட்டும் அறிந்த புரோகிராம் பிழை எதுவும் காட்டாது. வரவேண்டிய படங்களில் ஒரு பங்கு சத்தமில்லாமல் நின்றுபோகும். நாமும் மேகமூட்டம் போல என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதற்கு மருந்து, முகவரியை நாம் சமைக்காமல் இருப்பது. இந்தப் படங்களைத் தேட எலிமென்ட் 84 என்ற நிறுவனம் எர்த் சர்ச் என்றொரு ஏபிஐ நடத்துகிறது. கணக்குத் திறக்க வேண்டாம், சாவி வேண்டாம். அது ஸ்டாக் என்ற பொது வரையறைப்படி பேசும் (பங்குச் சந்தை அல்ல, செயற்கைக்கோள் படப் பட்டியலுக்கான வரையறை). 2021-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அந்த ஏபிஐயின் வாசல் முகவரி ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு கெட் கோரிக்கை அனுப்பினால் திரும்பி வருவது ஒரு ஜேசான். அதில் முக்கியமானது லிங்குகளின் பட்டியல். ஒவ்வொரு லிங்கிலும் இரண்டு விஷயம் கட்டாயம்: ‘எச்ரெஃப்’ என்ற இடத்தில் முகவரி, ‘ரெல்’ என்ற இடத்தில் அந்த முகவரி எதற்கு என்ற பெயர். தேடலுக்கு ‘சர்ச்’, தொகுப்புகளுக்கு ‘டேட்டா’, ஏபிஐயின் முழு விவரணைக்கு ‘சர்வீஸ்-டெஸ்க்’. எந்த வகைக் கோரிக்கை, கெட்டா போஸ்டா என்பதும் லிங்கிலேயே இருக்கலாம். கூடவே ‘கன்ஃபார்ம்ஸ்டூ’ என்று இன்னொரு பட்டியல், இந்த சர்வருக்கு எந்தெந்த வித்தை தெரியும் என்பதற்கு.

தாலுகா ஆபீஸில் வாசலில் இருக்கிறவரிடம் விஷயத்தைச் சொன்னால் எந்த மேசை என்று காட்டுவார். அந்த மேசைக்காரர் மனுவை வாங்கிக்கொண்டு அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லுவார். மேசைகள் இடம் மாறினாலும் வேலை முடியும். இதைத்தான் ஹைப்பர்மீடியா என்கிறார்கள். புரோகிராமுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை இரண்டே: வாசல் முகவரி, ரெல் பெயர்கள்.

இதில் ஸ்கீமா, அதாவது தரவின் வடிவத்தைச் சொல்லும் விவரணை, எங்கே வருகிறது? லிங்க் வழியைச் சொல்லிவிட்டது. அங்கே போய் என்ன கேட்கலாம், எந்த வடிவில் கேட்கலாம் என்று யார் சொல்வது? மைக்ரோசாஃப்டின் பிளானட்டரி கம்ப்யூட்டரும் இதே ஸ்டாக் பேசுகிற சர்வர்தான். அதில் ஒரு தொகுப்பைத் திறந்தால் ‘குவெரியபிள்ஸ்’ என்ற ரெல் பெயரோடு ஒரு லிங்க் இருக்கும். அதைப் பின்தொடர்ந்தால் கிடைப்பது ஒரு ஜேசான் ஸ்கீமா. எந்தெந்தப் புலத்தின்மீது வடிகட்டலாம், ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா தேதியா என்பது அதில் இருக்கும். மேகமூட்ட சதவீதம் என்றால் எண், குறைந்தது 0, அதிகபட்சம் 100. இதை வாசித்து என் புரோகிராம் தானே ஒரு படிவம் வரைகிறது. எண் புலத்துக்கு நகர்த்தும் பட்டை, தேதிக்கு நாள்காட்டி, குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் என்றால் தேர்வுப் பட்டியல். 140 என்று மேகமூட்டம் கேட்டால் கோரிக்கை சர்வர் வரைக்கும் போகவே போகாது, இங்கேயே மறிக்கப்படும். நாளைக்கு சர்வர்க்காரர் புதிதாக ஒரு புலம் சேர்த்தால் என் படிவத்தில் ஒரு கட்டம் கூடும். நான் ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

தேடல் பதிலின் அடியில் இருக்கும் ‘நெக்ஸ்ட்’ லிங்க்தான் எனக்கு மிகவும் பிடித்தது. போஸ்ட் கோரிக்கை அனுப்பியிருந்தால், அந்த லிங்கில் முகவரி மட்டுமல்ல, அடுத்த கோரிக்கையின் உடலில் என்ன அனுப்ப வேண்டும் என்பதும் இருக்கும். ‘மெர்ஜ்’ என்ற இடத்தில் உண்மை என்று வந்தால், நீ முன்பு அனுப்பியதோடு இதைச் சேர்த்து அனுப்பு என்று பொருள். பொய் என்றால், இதை மட்டும் அனுப்பு. பக்க எண்ணா, ஆஃப்செட்டா, புரியாத ஏதோ ஒரு டோக்கனா என்ற கவலை நமக்கு இல்லை. லிங்க் இருக்கிற வரை போய்க்கொண்டே இரு, இல்லையென்றால் முடிந்தது. லிமிட், ஆஃப்செட் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் எத்தனையோ புரோகிராம்களில் இருக்கும் வரிகள் இங்கே ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும்.

படத்தின் விவரணைக்குள்ளும் இதே கதைதான். எர்த் சர்ச்சின் பழைய பதிப்பில் சிவப்பு அலைவரிசைக்கு ‘பி04’ என்று சாவி, அகச்சிவப்புக்கு ‘பி08’. அடுத்த பதிப்பில் அவை ‘ரெட்’, ‘நிர்’ ஆகிவிட்டன. தொகுப்பின் பெயரும் மாறிவிட்டது. சாவியை அப்படியே எழுதி வைத்தவர்கள் திருத்த வேண்டிவந்தது. ஒவ்வொரு கோப்பின் விவரணையிலும் அலைவரிசையின் பொதுப்பெயர் தனியாக எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

இவ்வளவு நல்ல யோசனை என்றால் ஊர் உலகமெல்லாம் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராய் ஃபீல்டிங் 2000-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில்தான் ரெஸ்ட் என்ற கட்டமைப்பு வந்தது. அதில் ஹைப்பர்மீடியா ஓர் அடிப்படை நிபந்தனை. பிறகு வந்தவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள். எச்டிடிபி-யில் ஜேசான் அனுப்பினால் ரெஸ்ட் என்றாகிவிட்டது. 2008-ல் அவரே பொறுக்க மாட்டாமல், ஹைப்பர்டெக்ஸ்ட் வழிநடத்தாத எதையும் ரெஸ்ட் என்று அழைக்காதீர்கள் என்கிற ரீதியில் எழுதினார். யார் கேட்டார்கள்?

ஸ்கீமாவையும் லிங்கையும் ஒன்றாகக் கட்டிப்போடும் முயற்சியும் நடந்தது. ஜேசான் ஹைப்பர்-ஸ்கீமா என்று பெயர். ஒரு பொருளின் வடிவத்தை விவரிக்கும் ஸ்கீமாவுக்குள்ளேயே, இந்தப் பொருளை வைத்து எங்கெல்லாம் போகலாம், அங்கே அனுப்ப வேண்டியதன் வடிவம் என்ன, திரும்பி வருவதன் வடிவம் என்ன என்று எழுதிவிடலாம். முகவரியில் நிரப்ப வேண்டிய இடங்களுக்கு யூஆர்ஐ டெம்ப்ளேட், அதற்கு 2012-ல் ஆர்எஃப்சி 6570. ஹெரோகு நிறுவனம் 2014-ல் தன் மொத்த ஏபிஐக்கும் இப்படி ஒரு ஸ்கீமாவை வெளியிட்டது. அதை வாசித்து ரூபி மொழிக்கு கிளையண்ட் உண்டாக்கித் தரும் ஹெரோயிக்ஸ் என்ற லைப்ரரியையும் கொடுத்தது. ஆனால் ஹைப்பர்-ஸ்கீமாவின் கடைசி வரைவு 2019-உடன் நிற்கிறது. வடிவத்தைச் சரிபார்க்கும் ஜேசான் ஸ்கீமா மட்டும் மேலே மேலே போய், இன்று ஏபிஐகளை விவரிக்கும் ஓபன்ஏபிஐ-யின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஹைப்பர்மீடியா தோற்றதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஒரே கம்பெனிக்குள் ஒரே ஆட்கள் சர்வரும் எழுதி ஆப்பும் எழுதினால் லிங்கைத் தேடிப் போவது வீண் வேலைதான். ஓபன்ஏபிஐ கோப்பில் இருந்து கிளையண்டை உண்டாக்கிக்கொண்டு போகலாம், முகவரி மாறினால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு கிளையண்ட், பல சர்வர், சர்வர்க்காரர்கள் யாரென்றே நமக்குத் தெரியாது என்கிற நிலையில்தான் ஹைப்பர்மீடியா தன் கூலியைச் சம்பாதிக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் நிலைமை அதுதான். எலிமென்ட் 84, மைக்ரோசாஃப்ட், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்று எல்லோரும் ஒரே ரெல் பெயர்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். அதனால் பைஸ்டாக்-கிளையண்ட் என்ற ஒரே பைத்தான் லைப்ரரி எல்லா வாசலிலும் நுழைகிறது. படத்தை இறக்கும் கட்டத்தில் கொஞ்சம் இடிக்கும். மைக்ரோசாஃப்டில் முகவரியோடு தற்காலிக டோக்கன் ஒட்ட வேண்டும், கோப்பர்நிக்கஸில் கணக்கு வேண்டும். தேடல் வரைக்கும் ஒற்றுமை, கதவுப் பூட்டு அவரவருடையது.

இனி நான் ஸ்கீமாவை நம்பாத இடங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் முன்னே சொன்னதெல்லாம் விளம்பரம் ஆகிவிடும்.

எல்லைப் பெட்டி என்று நான்கு எண்கள் அனுப்புவோம். வரிசை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. அதாவது தீர்க்கரேகை முதலில். புதூருக்கு 78.1, 9.2, 78.3, 9.4 என்று வைத்துக்கொள்ளலாம். நாம் பேசும்போது அட்சரேகையைத்தான் முதலில் சொல்லிப் பழக்கம். அப்படி மாற்றி அனுப்பினால் 9.3 கிழக்கு, 78 வடக்கு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடல். எண்கள் நான்கு, எல்லாம் அனுமதித்த வரம்புக்குள், ஸ்கீமா தலையாட்டும். உளுந்து விளையும் கடல்!

இதைவிட மோசம், எண்ணின் அர்த்தமே மாறுவது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் செயலாக்க முறை மாறியது. ஒவ்வொரு புள்ளியின் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். கணக்குப் போடும் முன் அதைக் கழிக்க வேண்டும். பச்சையை அளக்கும் என்டிவிஐ என்ற குறியீடு, அகச்சிவப்பில் இருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சிவப்பு 1000, அகச்சிவப்பு 3000 என்றால் 2000-ஐ 4000-ஆல் வகுக்க 0.5, சுமாராக நல்ல பயிர். 1000-ஐக் கழிக்க மறந்தால் சிவப்பு 2000, அகச்சிவப்பு 4000. 2000-ஐ 6000-ஆல் வகுக்க 0.33. அதே காடு, அதே நாள், பயிர் மட்டும் காகிதத்தில் வாடிவிட்டது. முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டு, இந்த வருடம் விளைச்சல் போச்சு என்று அறிக்கையே எழுதிவிடலாம். எண் எண்ணாகவே இருக்கிறது, வடிவத்தில் குற்றமில்லை, எந்த ஸ்கீமாவும் பிடிக்காது. எர்த் சர்ச் இதற்கென்றே ‘இந்தக் கழித்தல் ஏற்கெனவே நடந்துவிட்டதா’ என்று உண்மை, பொய் சொல்லும் ஒரு புலத்தைத் தனியாக வைத்திருக்கிறது. அதை வாசிக்காமல் கணக்கு போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மூன்றாவதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் சித்தப்பா. படத்தில் அடர்பச்சையாக ஒரு துண்டு தெரிந்தது. புரோகிராம் அதற்கு அந்த வட்டாரத்திலேயே முதல் மதிப்பெண் போட்டிருந்தது.

“ஏம்ப்பா, ஓடைக்கரை காடு இம்புட்டுப் பச்சையா காட்டுதே, அது தரிசுல்லா கெடக்கு?”

“பச்சை நல்லா ஏறியிருக்கே சித்தப்பா.”

“அது வேலிக்காத்தான்டா. மழை பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன, அது எப்பவும் பச்சைதான். அதுக்குப் போயி மார்க் போட்டுருக்கியே.”

வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேல் வருடம் முழுக்க இலையோடு நிற்கும். புரட்டாசியில் விதைத்துத் தையில் பிடுங்கும் உளுந்துக் காடு, சித்திரை வெயிலில் வெறும் வெடித்த கரிசலாகத்தான் தெரியும். ஆகவே கோடையிலும் பச்சை குறையாத புள்ளிகளைக் கணக்கில் இருந்து தள்ளினால் வேலிக்காத்தான் பெரும்பாலும் போய்விடும். இது எந்த ஸ்கீமாவிலும் இல்லை, எழுதவும் முடியாது.

ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. மேகமூட்ட வடிகட்டியை இறுக்கமாக வைக்காதீர்கள். அந்த சதவீதம் 110 கிலோமீட்டர் சதுரம் முழுமைக்குமானது. ஐப்பசி, கார்த்திகையில் 60 சதவீதம் மேகம் என்று வரும் படத்தில் புதூர் பக்கம் பளிச்சென்று இருக்கலாம். பயிர் தரையில் நிற்பதே அடைமழைக் காலத்தில்தான், அப்போது 20 சதவீதத்துக்குக் கீழ் மட்டும் என்று கேட்டால் கையில் ஒன்றுமே நிற்காது. வடிகட்டியைத் தளர்த்திவிட்டு, படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கை வைத்து நம் காட்டின் மேல் மேகமோ மேக நிழலோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முழுப் படத்தையும் இறக்கவும் வேண்டாம். பத்து மீட்டர் அலைவரிசை ஒன்றின் கோப்பு என்பது 10,980-க்கு 10,980 புள்ளி. வேண்டிய சின்னத் துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் வகையில்தான் கோப்பை அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

லிங்கைப் பின்தொடர்வதில் ஒரு செலவும் இருக்கிறது. வாசல், தொகுப்பு, ஸ்கீமா, பிறகுதான் தேடல் என்று நாலு நடை. எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது நாலு நடை வலிக்கத்தான் செய்யும். வாசல் ஜேசானையும் ஸ்கீமாவையும் ஒரு நாளைக்குச் சேமித்து வைத்துக்கொண்டால் போதும், அவை தினசரி மாறுவதில்லை. சேமித்த லிங்க் 404 என்றால் வாசலுக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதே புரோகிராமில் உளுந்து விலையையும் காட்ட, மத்திய அரசின் டேட்டா.காவ்.இன் தளத்தில் இருக்கும் தினசரி மண்டி விலை ஏபிஐயைக் கூப்பிடுகிறேன். விருதுநகர் வியாபாரி சொல்லும் விலையோடு ஒத்துப்பார்க்க உதவும். அதன் பதிலில் ஒரு நல்ல குணம்: ஒவ்வொரு புலத்தின் பெயரும் வகையும் தரவோடு சேர்ந்தே வருகிறது. மொத்தம் எத்தனை, எத்தனையில் இருந்து என்பதும் வருகிறது. அடுத்த பக்கத்தின் முகவரி மட்டும் வருவதில்லை, அதை நாம்தான் கூட்டிப் போட வேண்டும். பாதி தூரம் வந்துவிட்டார்கள், மீதி தூரம் ஒரே ஒரு வரி.

ஆகவே ஏபிஐ எழுதுகிற நண்பர்களுக்கு, குறிப்பாக அரசுத் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழு ஹைப்பர்மீடியா வேண்டாம், ஃபீல்டிங் சொன்னபடி எல்லாம் செய்ய வேண்டாம். பதிலின் கடைசியில் ‘நெக்ஸ்ட்’ என்று ஒரு லிங்க் வையுங்கள். எந்தப் புலத்தில் எதைக் கேட்கலாம் என்று ஒரு ஸ்கீமாவுக்கு இன்னொரு லிங்க். அந்த ஸ்கீமாவில் விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறதே, அதைக் காலியாக விடாதீர்கள். கிலோவா குவிண்டாலா, கூட்டினீர்களா கழித்தீர்களா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.